ஹால் சுவரில் இறங்கிய மேகம்

"இத்தனை வருஷத்துல இதுதாங்க படம்!" முதல் ஷிப்ட் முடித்து வந்த சத்யப்பிரியா ஹால் சுவரைப் பார்த்துக் கைதட்டினாள். "மேகம் திரண்டுக்கினு வர்ற மாதிரியே இருக்கு. எப்ப வரைஞ்சீங்க?"

அது படமில்லை, மாடிக் குவார்ட்டர்ஸ் குழாய் ஒழுகி இறங்கிய ஈரம் என்று சொல்லத்தான் கார்முகில் வாயைத் திறந்தான்.

"காலையிலதான்..." என்று வந்துவிட்டது.

பாவம், அவனைக் குற்றம் சொல்லக் கூடாது. மழை, முந்திரிக்காடு, சுரங்கத்து மண் எல்லாவற்றையும் உருவமே இல்லாமல் வெறும் வண்ணங்களாக வரைகிறவன். சென்னையில் இரண்டு முறை கண்காட்சிகூட வைத்துவிட்டான். கட்டிய மனைவி சத்யப்பிரியா மட்டும் பத்து வருஷமாக, "இதுல முந்திரி எங்கங்க இருக்கு?" என்றே கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் வாயால் ஒரு 'நல்லாருக்கு' கேட்க ஏங்கிப்போயிருந்தான்.

மறுநாள் கறையைச் சுற்றி மரச்சட்டம் அடித்தான். மூலையில் கையெழுத்தும் போட்டான். அதற்கடுத்த நாள் அடித்த வெயிலில் மேகம் வெளிறத் தொடங்கியது. பதறிப்போய், இஸ்திரித் துணிக்குத் தண்ணீர் தெளிக்கும் பாட்டிலை எடுத்துச் சுவரில் அடித்தான். கை கொஞ்சம் தாராளமாகிவிட்டது. கறை சட்டத்தைத் தாண்டி ஜன்னல் வரைக்கும் போய் நின்றது.

"இன்னும் வரைஞ்சுக்கினே இருக்கீங்களா?" சத்யப்பிரியா பூரித்தாள். "ஞாயித்துக்கிழமை எங்க செக்ஷன்காரங்களைக் கூட்டிக்கினு வரேன். எல்லாரும் பாக்கட்டும்."

வெள்ளிக்கிழமை மத்தியானம் மந்தாரக்குப்பத்துப் பிளம்பர் மாடியிலிருந்து பையோடு இறங்கி வந்தார். பார்த்ததும் கார்முகில் இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே ஓடினான்.

"அக்கா, குழாயைச் சரி பண்ணிட்டாரா?"

"இல்லையே," என்றாள் மாடி வீட்டு மாணிக்கம்மாள். "திருப்பி அனுப்பிட்டேன்."

"நல்லவேளை! ஒழுகட்டும்க்கா, விட்டுடுங்க. பிரியா அதை என் படம்னு நம்பிக்கினு இருக்கா. காஞ்சிபோனா அவ மனசு உடைஞ்சிடும்."

உடையப்போவது யார் மனசு என்பது அவனுக்கும் தெரியும்.

மாணிக்கம்மாள் சிரிப்பை அடக்கப் பார்த்தாள். முடியவில்லை.

"நீ வேற தம்பி! காலையில ஷிப்டுக்குப் போறப்ப உன் பொண்டாட்டியும் இதையேதான் சொல்லிட்டுப் போச்சு: 'அன்னிக்கே சுவத்தைத் தொட்டுட்டேன், கையெல்லாம் ஈரம். ஆனா நல்லாருக்குன்னு சொன்னதும் அவரு முகம் எப்படி மலர்ந்துச்சு தெரியுமா? இன்னும் கொஞ்ச நாளைக்கு ஒழுகட்டும்க்கா'ன்னு!"