கால்தடம் பொருந்தவில்லை

ஒரு காட்டில் எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது. அதுதான் சிங்க மகாராஜாவுக்கு உறுத்தியது. பக்கத்துக் காட்டில் ஏதேதோ புதுசாக வந்திருக்கிறதாம். இங்கே என்னடாவென்றால், காய்ச்சல் வந்தால் கரடியிடம் போகிறார்கள், உப்பு வேண்டுமென்றால் யானையிடம் போகிறார்கள், போனவுடன் கிடைத்தும் தொலைக்கிறது. இதெல்லாம் ஒரு காடா என்று மகாராஜாவுக்குத் தூக்கம் போயிற்று. அந்த வருஷம் வெளிநாட்டிலிருந்து வலசை வந்து இறங்கிய பூநாரை ஒன்றைப் பிடித்து ஆலோசகராக்கினார்.

பூநாரை ஓடை நடுவில் ஒற்றைக் காலில் நின்று காட்டை ஒரு பார்வை பார்த்தது.

"கரடி எப்படி மருந்து கொடுக்குது?"

"வந்தவங்க முகத்தைப் பார்த்துக் கொடுக்கும்" என்றார்கள்.

"முகத்தைப் பார்த்தா? ஐயையோ!" என்று பூநாரை கண்ணை மூடிக்கொண்டது. சபை ஆடிப்போய்விட்டது. இவ்வளவு பெரிய ஆபத்தில் இருந்துகொண்டா இத்தனை காலம் நிம்மதியாகத் தூங்கினோம் என்று முயல்கள் ஒன்றையொன்று கட்டிக்கொண்டன.

அப்புறம் வந்ததுதான் இணைப்பு மேடை. ஓடைக்கரை ஆலமரத்தடியில் ஒரு வாசல். வாசலில் உடும்பு உலகநாதன். இனிமேல் யாரும் நேராக எந்தக் குகைக்கும் போகக்கூடாது. வாசலுக்கு வந்து, களிமண்ணில் முன்னங்காலைப் பதிக்க வேண்டும். திறப்பு விழா அன்று எல்லாரிடமும் எடுத்துக் காயவைத்த பழைய தடத்தோடு உலகநாதன் அதை ஒப்பிட்டுப் பார்ப்பார். பொருந்தினால் உள்ளே இருக்கும் மந்திகளில் ஒன்று குகைக்கு ஓடிப்போய், கேட்டதை வாங்கிவந்து கொடுக்கும்.

சரி, மந்தி வந்து கேட்டால் கரடி எப்படி நம்பும்? அதற்கும் பூநாரை வழி வைத்திருந்தது. மேடையில் வேலை பார்க்கிற மந்திகள் எல்லாம் உடம்பில் புனுகு பூசிக்கொள்ள வேண்டும். புனுகு வாசம் வந்தால் மேடையிலிருந்து வந்த ஆள் என்று அர்த்தம். குகைக்காரர்கள் வேறு கேள்வி கேட்கக்கூடாது. கரடிக்குக் கண் மங்கல், மூக்கு கூர்மை என்பதால் அதற்கு இது ரொம்பப் பிடித்துப்போயிற்று. மந்திக்கு ஒரு புனுகு என்று தனித்தனியாக வைத்தால் வேலை ஓடாது என்று எல்லாருக்கும் ஒரே சட்டி. அந்தச் சட்டியைக் கைக்கு வசதியாக ஆலமரத்துக்கு வெளிப்பக்கம், தாழ்ந்த கிளையில் தொங்கவிட்டார்கள். தற்காலிக ஏற்பாடுதான், பிறகு உள்ளே மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு, கூலிக்கு ஒரு குளம் நிறைய இறாலைத் தின்று தீர்த்து, பூநாரை பறந்துபோயிற்று.

இந்தக் காட்டில்தான் ஆவுடை என்று ஒரு கடமான் இருந்தாள். யார் வம்புக்கும் போகாதவள். ஒருநாள் அவள் முன்னங்காலில் காரைமுள் ஏறி, உள்ளே முறிந்துவிட்டது. கால் வீங்கிப் பலாக்காய் மாதிரி ஆயிற்று. ஊன்றவே முடியவில்லை. வேறு சமயமாக இருந்தால் நாலு நாள் படுத்துக் கிடந்திருப்பாள். ஆனால் மலைக்கு அந்தப் பக்கம் இருந்த செந்நாய்க் கூட்டம் இறங்கி வருகிறது என்று காட்டில் பேச்சாக இருந்தது. செந்நாய் வரும்போது ஓட முடியாத கடமான் என்ன ஆவாள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மூன்று காலில் நொண்டி நொண்டி வாசலுக்கு வந்தாள்.

"உலகநாதன் அண்ணாச்சி, காலுக்கு மருந்து வேணும்."

"காலை வைம்மா."

வீங்கின காலை வலியோடு களிமண்ணில் வைத்தாள். உலகநாதன் புதுத் தடத்தையும் பழைய தடத்தையும் நாக்கை நீட்டி நீட்டிப் பார்த்தார்.

"பொருந்தலையே. நீ ஆவுடை இல்ல."

"அண்ணாச்சி, கால் வீங்கியிருக்கு. அதான் பொருந்தல."

"அப்ப வீக்கம் வத்தினதும் வா."

"வீக்கம் வத்தத்தானே மருந்து கேக்கேன்!"

"மருந்து ஆவுடைக்கு உண்டு. நீ ஆவுடைன்னு யாரு சொன்னா?"

"நீங்க சொல்லுங்களேன்! என்னை எத்தனை வருஷமா தெரியும் உங்களுக்கு? உங்க மக முட்டை வெச்சிருந்தப்ப ராப்பகலா யாரு காவல் நின்னா?"

"ஆவுடை நின்னா. தங்கமான புள்ள" என்றார் உலகநாதன், உண்மையான பாசத்தோடு. அவர் பிடித்தால் உடும்புப்பிடி என்பது காடறிந்த விஷயம். ஆவுடைக்கு வயிறு எரிந்தது. வலி ஒரு பக்கம், இந்த மனுஷனுடைய பாசம் ஒரு பக்கம்.

பின்வாசல் ஒன்றும் உண்டு என்றார் அவர். தடம் பொருந்தாதவர்களுக்காகப் பூநாரை வைத்த மாற்று வழியாம். அவரவர் எழுதிக்கொடுத்த மரத்தில் குயில் வந்து உட்கார்ந்து ஒரு ராகம் பாடும். அதை மனசில் வாங்கிக்கொண்டு வந்து, பழுத்த இலை ஒன்று மரத்திலிருந்து விழுந்து தரையைத் தொடுவதற்குள் வாசலில் பாடிக் காட்ட வேண்டும்.

"என் மரம் போன மழையில சாஞ்சு போச்சே அண்ணாச்சி."

"மரத்தை மாத்திக்கலாமே. யாரு வேண்டாம்னா? மாத்தணும்னா இப்படி வந்து காலை வை."

ஆவுடை அங்கேயே உட்கார்ந்து அழுதாள். கோபத்தில் அழுதாள். பின்னால் வரிசையில் நின்ற பன்றி, "கொஞ்சம் தள்ளி அழுங்கக்கா, எனக்கு நேரமாவுது" என்றது.

வேறு வழியில்லாமல் ஓடை ஓரமாகவே நடந்து, கரடி சுடலையின் குகைக்கு எதிர்க்கரையில் போய் நின்றாள். நடுவில் முழங்கால் அளவு தண்ணீர்தான். குகை வாசலில் சுடலை மாமா பச்சிலை அரைத்துக்கொண்டிருந்தது அங்கிருந்தே தெரிந்தது. அரைத்த வாசம்கூட வந்தது.

"சுடலை மாமா, நான் ஆவுடை."

"குரலே சொல்லுதே. நல்லா இருக்கியா தாயி?"

"நல்லா இல்ல மாமா. கால்ல முள்ளு. அந்தப் பச்சிலையில ஒரு உருண்டை இங்க எறியுங்க, போதும்."

சுடலை அரைப்பதை நிறுத்திவிட்டுப் பெருமூச்சு விட்டது. "மனசு கேக்கல தாயி. ஆனா நீ ஓடைப் பக்கமா வந்து கேக்கிறே. மேடை வழியா வரல. புனுகு வாசம் இல்லாத கேள்வி என் காதுல விழவே கூடாதுன்னு உத்தரவு."

"இப்ப விழுந்துதுல்ல?"

"விழுந்தது. விழாத மாதிரிதான் இருக்கணும்" என்று சொல்லிவிட்டுச் சுடலை பழையபடி அரைக்க ஆரம்பித்தது. ஆவுடை எதிர்க்கரை நாவல் மரத்தடியில் காலை நீட்டிப் படுத்துவிட்டாள். இதற்கு மேல் ஓரடி வைக்கத் தெம்பில்லை. போகும் உசிர் மருந்து வாசத்தை மோந்துகொண்டாவது போகட்டும் என்று நினைத்தாள்.

செந்நாய்கள் அன்றைக்கே வந்துவிட்டன.

அவற்றின் தலைவன் பெயர் மாயாண்டி. அவனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். போன கோடையில் அவன் கூட்டம் ஆள் தெரியாமல், சிங்கத்தின் மச்சான் ஆசையாக வளர்த்த மானைக் கடித்துவிட்டது. அதற்குக் கிடைத்த உதையில் பாதிப் பேருக்கு வால் இல்லை என்பது காடெல்லாம் தெரிந்த கதை. அன்றிலிருந்து மாயாண்டி ஒரு கொள்கை வைத்திருந்தான். இன்னார்தான் என்று நிச்சயமாகத் தெரியாமல் யார் மேலும் பல் படக்கூடாது. பசித்தாலும் கேட்டுவிட்டுத்தான் கடிப்பான்.

வந்தவர்கள் கண்ணில் முதலில் பட்டது கிளையில் தொங்கிய சட்டி. மந்திகள் வந்து பூசிக்கொண்டு போய், கரடியிடம் கேட்டதை வாங்கி வருவதைப் புதருக்குள் இருந்து பார்த்தார்கள். விஷயம் புரிய ரொம்ப நேரமாகவில்லை. மந்திகள் அந்தப் பக்கம் போனதும் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்து மேலெல்லாம் பூசிக்கொண்டு, யாரும் கேட்காமல், எந்தக் களிமண்ணையும் மிதிக்காமல், மரத்தைச் சுற்றிக்கொண்டு நேரே சுடலையின் குகைக்குப் போனார்கள்.

எதிர்க்கரையில் படுத்திருந்த ஆவுடை எல்லாவற்றையும் பார்த்தாள்.

சுடலை மூக்கை உறிஞ்சியது. "மேடை ஆளா? வாங்க, வாங்க. என்ன வேணும்?"

"ஒரு சின்ன விவரம்" என்றான் மாயாண்டி. "இப்ப காட்டில ஓட முடியாதவங்க யாரு?"

"மாமா!" என்று ஆவுடை கத்தினாள். "அது மந்தி இல்ல மாமா! நாயி! செந்நாயி! வாயைத் திறக்காதீங்க!"

சுடலை அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. உத்தரவு உத்தரவுதானே. "ஓட முடியாததுன்னா, ஆவுடைன்னு ஒரு கடமான். கால்ல முள்ளு. எதிர்க்கரை, நாவல் மரத்தடி. பாவம், நல்ல புள்ள" என்று ஒன்று விடாமல் சொன்னது. சொல்லிவிட்டு, "சீக்கிரமா பதில் சொன்னேன்லா? மேல கேட்டா ரெண்டு வார்த்தை நல்லபடியா சொல்லுங்க" என்று வேறு கேட்டுக்கொண்டது.

ஆவுடை தனக்குள் பொருமினாள். ஒரு உருண்டை மருந்துக்கு நான் ஆவுடை இல்லையாம். தின்னக் கொடுக்கும்போது மட்டும் நான் ஆவுடையாம். தண்ணீரைத் தாண்டி வந்து செந்நாய்கள் அவளைச் சுற்றி வளைத்துக்கொண்டன.

"நீதானே ஆவுடை?" என்று முறைப்படி கேட்டான் மாயாண்டி.

வாசலில் கதறிக் கதறிச் சொல்லிய பழக்கத்தில், "நான்தான் ஆவுடை" என்பது அவள் தொண்டை வரை வந்துவிட்டது. வாயைத் திறந்தவள் அப்படியே மூடிக்கொண்டாள்.

"இல்ல" என்றாள்.

"கரடி சொல்லிச்சே?"

"கரடிக்குக் கண்ணு தெரியாது. காட்டில யாரு யாருன்னு சொல்ல வேண்டியவரு வாசல்ல இருக்காரு. போய்க் கேட்டுக்க. தப்பா கடிச்சு வெச்சா மிச்சமிருக்கிற வாலும் போயிரும், சொல்லிட்டேன்."

மாயாண்டிக்கு வால் நுனி கூசியது. இரண்டு பேரை அவளுக்குக் காவல் வைத்துவிட்டு, மற்றவர்களோடு வாசலுக்குப் போனான். கூப்பிடு தூரம்தான். அங்கே பேசியது ஆவுடைக்கு நன்றாகக் கேட்டது.

புனுகு வாசம் வந்ததும் உலகநாதன் முகத்தைக்கூடப் பார்க்காமல் எழுந்து நின்றார். "என்ன தம்பிகளா, உள்ள ஏதாச்சும் பிரச்சினையா?"

"அந்த நாவல் மரத்தடியில கிடக்கிறது ஆவுடையா அண்ணாச்சி?"

"சத்தியமா இல்ல. காலையிலயே பார்த்தாச்சு. தடம் பொருந்தல."

"அட போங்க" என்று மாயாண்டி சலித்துக்கொண்டான். பசி அவன் குடலைப் பிடுங்கியது. "அப்ப இந்தக் காட்டில யாரையாவது இன்னாருன்னு நிச்சயமா சொல்ல முடியுமா, முடியாதா?"

உலகநாதனுக்கு ரோஷம் வந்துவிட்டது. மேடையைக் குறை சொன்னால் அவர் தாங்கமாட்டார். "ஏன் முடியாது? என்னையே எடுத்துக்கோ. திறப்பு விழா அன்னிக்கு முதல் தடம் என்னுது" என்றவர் களிமண்ணில் காலைப் பதித்து, பழைய தடத்தைப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். "நல்லா பாரு. நகம் நகமா பொருந்துது. நான் உலகநாதன்தான். இதுல எள்ளளவும் சந்தேகம் கிடையாது."

"சிங்கத்துக்குச் சொந்தமா அண்ணாச்சி?"

"சேச்சே. சொந்தத் தகுதியில வந்தவன்."

"ரொம்ப நன்றி" என்றான் மாயாண்டி மனசார.

அதற்குப் பிறகு நடந்ததை ஆவுடை பார்க்கவில்லை, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். சத்தத்தைக் கேட்டதும் காவலுக்கு நின்ற இரண்டு பேரும் பங்கு போய்விடுமே என்று அங்கே ஓடினார்கள். உசிர் பிழைத்த சந்தோஷம் அவளுக்குப் பொங்கி வந்தது. உலகநாதன் அண்ணாச்சி முட்டைக்குள் இருந்த பேரப்பிள்ளைகளைப் பார்த்துப் பூரித்து நின்றது நினைவு வந்ததும், அந்தச் சந்தோஷத்துக்காக வெட்கப்பட்டு அழுதாள்.

செந்நாய்கள் மலைக்குத் திரும்பியதும் மகாராஜா விசாரணை வைத்தார். மேடையில் எந்தப் பழுதும் இல்லை என்று முடிவாயிற்று. சரிபார்க்கப்படாத ஒரு மிருகத்துக்குக்கூட எந்தச் சேவையும் போகவில்லை, செந்நாய்க்குப் போனவர் முழுமையாகச் சரிபார்க்கப்பட்டவர் என்று சபையில் பாராட்டினார்கள். பாதுகாப்பைப் பலப்படுத்த, இனி முன்னங்காலோடு பின்னங்காலையும் பதிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. புனுகுச் சட்டிக்குப் பூட்டு போட்டார்கள். சாவியை மந்திகளின் வசதிக்காகச் சட்டி மேலேயே கட்டிவைத்தார்கள்.

ஆவுடையின் கால் தானாகப் பழுத்து, உடைந்து, முள் வெளியே வந்தது. வீக்கம் வற்றியது. புதிதாக வாசலுக்கு வந்த இசக்கி என்கிற மந்தி ஒருநாள் அவளைப் பார்த்துவிட்டு மூச்சு வாங்க ஓடி வந்தது.

"அக்கா! ஆவுடை அக்கா! கால் ஆறிப்போச்சே! இப்ப தடம் பொருந்திரும். வந்து ஒருக்கா வெச்சிருங்க, உங்க மருந்து அன்னைக்கிலேருந்து தயாரா இருக்கு."

அவள் புல்லை மென்றுகொண்டே இசக்கியை ஏற இறங்கப் பார்த்தாள்.

"யாரு தம்பி ஆவுடை?" என்று கேட்டுவிட்டு, நாலு காலையும் நன்றாக ஊன்றிக் காட்டுக்குள் போய்விட்டாள்.

நீதி: தான் இன்னார் என்று ஐயம் திரிபற நிரூபிக்க முடிந்தவர்கள் பாக்கியவான்கள். பந்தியில் முதலில் பரிமாறப்படுவது அவர்கள்தான்.