பர்மனென்ட் சார் கொடுத்த எண்கள்

எந்தப் பொருள் எங்கே இடம் மாறினாலும், அதைத் தேடி வருகிறவன் ஏமாந்து திரும்பக் கூடாது என்பதற்காகவே பிறவி எடுத்தவர் எங்கள் பர்மனென்ட் சார். ஏனாத்தூர் பக்கம் ஒரு கல்லூரி நூலகத்தில் நானும் அவரும் கணினிப் பிரிவில் இருந்தோம். பட்டப்பெயர்தான் பர்மனென்ட், பன்னிரண்டு வருஷமாக அவர் ஒப்பந்த ஊழியர்.

ஆய்வேடோ பழைய சேலை வடிவமோ, எதை இணையத்தில் ஏற்றினாலும் அதற்கு ஒரு நிரந்தர எண் வாங்கிக் கொடுத்துவிடுவார். "லிங்க் போதாதா சார்?" என்று கேட்டவன் தொலைந்தான்.

"லிங்க்குன்றது வாடகை வூட்டு அட்ரஸ்பா. காலி பண்ணிட்டா வர்றவன் பூட்டைப் பாத்துட்டுப் போவான். நம்பர் அப்பிடி இல்ல. ஃபைல் எந்த வூட்டுக்குப் போனாலும், நம்பரைத் தட்டினா அங்க கொண்டாந்து வுட்டுடும்."

இந்த வியாதி கணினியோடு நிற்கவில்லை. டீக்கடைக்கு வழி கேட்டால் 'பேங்க்குக்கு எதிரில்' என்று சொல்ல மாட்டார். "நாளைக்கு பேங்க்கே காலி பண்ணிக்கினு போயிட்டா, அவன் டீ இல்லாம சாவணுமா?" நாற்காலி, ஸ்டேப்ளர், என் குடை எல்லாவற்றிலும் எண் ஒட்டியிருந்தார். குடையைப் பஸ்ஸில் தொலைத்துவிட்டு நான் வந்தபோது, பதிவேட்டைத் திறந்து காட்டி ஆறுதல் சொன்னார்: "நம்பர் பத்திரமா இருக்குதுபா. குடைதான் இல்ல."

எங்கள் கல்லூரியில் சேலைக் கரை வடிவங்களைப் பற்றி ஆய்வு செய்த கோமதி, வெளியூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் வேலைக்கு விண்ணப்பித்தாள். அதில் ஆய்வேட்டின் லிங்க்கைப் போட்டிருந்தாள். சார் அதை அடித்துவிட்டு எண்ணை எழுத வைத்தார். அவளும் முணுமுணுத்துக்கொண்டே எழுதினாள்.

அவளுக்கு நேர்காணல் வந்த அன்றுதான் சாரின் மகளுக்குக் கல்யாணம். காஞ்சிபுரத்து மண்டபத்தில் நான் இட்லியில் கை வைத்த நேரம், கோமதியிடமிருந்து போன்.

"அண்ணே, காலேஜ் வெப்சைட்டையே புதுசா மாத்திட்டாங்க! என் தீசிஸ் பேஜே இல்லன்னு வருது. பத்து மணிக்கு இன்டர்வியூ. என் எதிர்லயே தொறந்து பாப்பாங்களாம்!"

"நம்பரைத் தட்டினியாமா?"

"தட்டிட்டேன்ணே. அதுவும் தொறக்கல!" அழுதுவிட்டாள்.

இட்லியை விட்டு எழுந்தேன். மணமேடையில் உட்கார்ந்திருந்த சாரின் காதில் போய்ச் சொன்னேன். அவர் அசரவே இல்லை.

"எப்பிடித் தொறக்கும்? ஃபைல் வூடு மாறிடிச்சின்னு நம்பருக்கு யாராவது சொல்லணும் இல்ல? அதுக்கு இன்னா ஜோசியமா தெரியும்?"

எழுந்துவிட்டார். "இன்னாங்க, ஐயர் கூப்புடறாரு!" என்று அவர் மனைவி கத்த, "தோ, ரெண்டே நிமிஷம்மா," என்று தாம்பூலப் பைகளுக்கு நடுவே இருந்து லேப்டாப்பை உருவினார். மகள் கல்யாணத்துக்கு லேப்டாப்போடு வந்த தகப்பன் காஞ்சிபுரத்திலேயே அவர் ஒருவர்தான். நாதஸ்வரக்காரர் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஆய்வேடு குடிபோன புது முகவரியைத் தேடிப் பிடித்து, எண்ணுக்கு எதிரே பதிந்தார்.

போனில் கோமதி அலறினாள்: "தொறந்துடுச்சிண்ணே!"

சார் எழுந்திருக்கவில்லை. அடுத்த எண்ணுக்குப் போய்விட்டார்.

"சார், அவளுது முடிஞ்சிடுச்சே!"

"மத்தவங்கள்லாம் இன்னா பாவம் பண்ணாங்க?"

மனைவி வந்து அங்கவஸ்திரத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். மகளின் கையைப் பிடித்துக் கொடுக்கும்போது மட்டும் மனிதர் லேப்டாப்பை மறந்து, குழந்தை மாதிரி அழுதார். மீதி எண்களை மறுநாள் சம்பந்தி விருந்துக்கு முன்னால் முடித்தார்.

கோமதிக்கு வேலை கிடைத்தது. அடுத்த வருஷம் சாருக்கு ஒப்பந்தம் முடிந்தது. வாலாஜாபாத்துக்குப் போய்விட்டார். திங்கட்கிழமைதோறும் காலையில் போன் வரும்.

"எல்லாம் தொறக்குதாபா?"

"தொறக்குது சார்."

வைத்துவிடுவார். நான் உயிரோடு இருக்கிறேனா என்றுகூடக் கேட்டதில்லை.

போன திங்கட்கிழமை போன் வரவில்லை. பதினொரு மணி வரை வேலையே ஓடவில்லை. நானே கூப்பிட்டேன். ஜுரமாம், குரலே எழும்பவில்லை.

"இப்பத்தான் ஒவ்வொண்ணா தட்டிப் பாத்தேன் சார். எல்லாம் தொறக்குது. நீங்க படுங்க," என்றேன்.