நீலக் கொட்டகையில் எட்டு

ஊருக்கு ஒருவராவது இருப்பார். உங்கள் ஊரில் நாலு பேர் இருந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன். நாக்கை நம்ப மாட்டார், மூக்கை நம்ப மாட்டார், அட்டையில் அச்சடித்த நிறத்தை மட்டும் நம்புவார். இந்த இனத்துக்கு அளவுக்காரர் என்று பெயர் வைப்போம். நம்மிடம் அகப்பட்டவர் சேதுபதி. பாம்பன் பாலத்துக்கு இந்தப் பக்கம், கடலோரத்தில் இறால் குளம் வைத்திருக்கிறார்.

இறால் வளர்ப்போருக்கான ஒருநாள் பயிற்சியில் அவருக்கு ஒரு டப்பா கொடுத்தார்கள். உள்ளே நூறு காகிதத் துண்டுகள், கூடவே ஒரு நிற அட்டை. துண்டைத் தண்ணீரில் நனைத்தால் நிறம் மாறும். சிவப்பென்றால் கடும் புளிப்பு. மஞ்சளென்றால் லேசான புளிப்பு, எண் ஆறு. பச்சையென்றால் எட்டு, இறாலுக்குச் சுகம். குளத்து நீரை அளக்கத்தான் கொடுத்தார்கள். கொடுத்தவர்களுக்குச் சேதுபதியைத் தெரியாது, பாவம்.

அன்று முதல் மோரில் காகிதம் விழுந்தது, இளநீரில் விழுந்தது, மச்சினி வீட்டு விசேஷத்தில் பந்தியில் உட்கார்ந்து, பரிமாறுகிறவர் ரச வாளியோடு காத்து நிற்க, அடுத்த பந்திக்காரர்கள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு முறைக்க, ஜன்னல் வெளிச்சத்தில் துண்டைத் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, "நாலு! ஆகாது!" என்று தீர்ப்பும் சொன்னார். யாராவது கேட்டார்களா?

"புளி ஊத்துனா புளிக்கத்தானங்க செய்யும்?" என்றாள் மனைவி நாகலெட்சுமி.

"ஒனக்கென்ன தெரியும்? அட்டை சொல்லுது."

பக்கத்துக் குளத்துக் காதர் மைதீனையும் விடவில்லை. அவர் குளத்து நீரை நடு வெயிலில் நின்று அளந்து, "ஏழுதான் மாப்ள! என்னத்தப் போயி வளக்குற?" என்று உதட்டைப் பிதுக்குவார். தன் குளத்துக்கு மட்டும் தனி மரியாதை. குவளையில் மொண்டுகொண்டு கரையிலிருந்த தன் கொட்டகைக்குள் போய், நாற்காலியில் சாய்ந்து, நிதானமாகப் பார்ப்பார். கூரை நீலத் தார்ப்பாய். வெயில் அதன் வழியே இறங்கும்போது அவருடைய வெள்ளை வேட்டியே நீலமாகத்தான் தெரியும். "எட்டு!" என்பார். தினமும் எட்டு.

அப்புறம் மூன்று நாள் மழை கொட்டியது. கரை மண் கரைந்து குளத்தில் இறங்கியது. நாலாம் நாள் வெயில் வந்தது, காதர் மைதீனும் ஓடி வந்தார். இன்னும் இருபது நாளில் பிடிக்க வேண்டிய இறால். ஒரு போகத்துப் பாடு முழுக்க அந்தத் தண்ணீருக்குள்தான் கிடந்தது.

"மாப்ள, ஒன் எறா பூராம் கரையோரம் வந்து சொணங்கிக் கெடக்கு. மழையில தண்ணி புளிப்பேறிப் போச்சு, சுண்ணாம்பு போடுப்பா!"

சேதுபதி கொட்டகைக்குள் காகிதத்தை நனைத்துப் பார்த்தார். "எட்டு இருக்கு மாப்ள. அதுக சும்மா வேடிக்கை பாக்க வந்திருக்கும்."

எதை வேடிக்கை பார்க்க? இவரையா? அதுவும் சாத்தியந்தான்.

நாகலெட்சுமி அவர் கையிலிருந்த காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டு வெயிலுக்கு வந்தாள். பச்சை, அட்டகாசமான மஞ்சளாக மாறியது.

"இங்கன வந்து பாருங்க! ஆறு! உள்ள இருந்தா எட்டு, வெளிய வந்தா ஆறா?"

சேதுபதி அட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சுண்ணாம்புக்கு ஓடினார். மூன்று பேருமாகச் சுண்ணாம்பு மூட்டைகளை அவிழ்த்து, கரைத்து, புருவம் வரை வெள்ளையாகி, பொழுது சாயுமட்டும் வாரி இறைத்தார்கள். கொஞ்சம் செத்தது, மிச்சம் பிழைத்தது. மறுநாள் இறால் துள்ளியதைப் பார்த்துச் சேதுபதி கரையிலேயே ஒரு ஆட்டம் போட்டார். பெரியமனுசன் ஆடுகிற ஆட்டமா அது!

ஆடி முடித்த கையோடு தார்ப்பாயைக் கழற்றி எறிந்தார். "எல்லாம் இந்தச் சனியனாலதான்!" ராமநாதபுரம் பஸ் ஏறிப் போய்ப் புதுசு வாங்கி வந்து கட்டினார். பச்சைத் தார்ப்பாய்.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். பக்கத்து வீட்டுப் பையனின் மார்க்கை நடுத்தெரு வெயிலில் நின்று படித்தீர்களே, உங்கள் பிள்ளையுடையதை எங்கே கொண்டுபோய் வைத்துப் படித்தீர்கள்? கொஞ்சம் அண்ணாந்து பாருங்கள். உங்கள் தலைக்கு மேலே என்ன நிறம்?