கொக்கு டாக்டர் ஆஸ்பத்திரியின் பளபளப்பான தரை

ஒரு காட்டில் ஓர் ஆஸ்பத்திரி இருந்தது. சிங்கம், முயல் கதைகள் சொல்லிச் சொல்லித் தேய்ந்துவிட்டதால் இந்தக் கதைக்கு ஆஸ்பத்திரி. அங்கே பெரிய டாக்டர் கொக்கு. பிறந்ததிலிருந்தே வெள்ளைக் கோட்டு, ஒற்றைக் காலில் நின்று யோசிக்கும் பழக்கம்; வேறென்ன தகுதி வேண்டும்? ரத்தப் பரிசோதனைக்குக் கொசு. ஊசி தனியாக வாங்க வேண்டியதில்லை. தரையை முகம் பார்க்கும் அளவுக்குத் துடைத்து வைத்திருப்பதில்தான் அந்த ஆஸ்பத்திரிக்குப் பெருமை. நோயாளி பிழைப்பதெல்லாம் அப்புறம்.

ஒருநாள் கொம்பாயி என்ற யானை தன் குட்டி பொம்மியை முட்டி முட்டித் தள்ளிக்கொண்டு வந்தாள். குட்டியின் காலில் முள் குத்திச் சீழ் பிடித்து, விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது. உடம்பு கொதித்தது. கண்ணே திறக்கவில்லை.

கொசு ஒரு வாய் குடித்துவிட்டுச் சப்புக்கொட்டியது. "அழற்சி எண் எகிறிக் கெடக்கு டாக்டர். காரம் தொண்டையிலேயே நிக்குது."

"செப்சிஸ்," என்றார் கொக்கு. "இருக்கிறதிலேயே பெரிய ஆன்டிபயாட்டிக்கைப் போடு."

போட்டார்கள். எண் இறங்கியது. கொக்கு சிறகைத் தட்டிக்கொண்டார். ஆனால் பொம்மியின் வயிறு உப்பியது, பேதி நிற்கவில்லை, பாலைக் கண்டாலே முகத்தைத் திருப்பினாள். ரத்தத்துக் கெட்ட கிருமியோடு, குடலில் குடித்தனம் நடத்திவந்த நல்ல கிருமிகளும் கூண்டோடு காலி. காலி வீடு சும்மா இருக்குமா? பொல்லாத கும்பல் ஒன்று உள்ளே புகுந்து கும்மாளம் போட்டது. எண் மறுபடி ஏறியது.

"இன்னும் பெரிய மருந்து," என்றார் கொக்கு.

"டாக்டரய்யா, புள்ளைக்கு வயித்தால போய்க்கிட்டே இருக்கு. வயித்தைக் கொஞ்சம் பாருங்களேன்," என்றாள் கொம்பாயி.

"நான் எண்ணைப் பார்க்கிறேனம்மா. வயிற்றுக்கு வேறு டாக்டர். அவர் கருத்தரங்குக்குப் போயிருக்கிறார்."

கொசு மெல்லக் கொம்பாயியின் காதருகே வந்தது. "அக்கா, சொல்லக் கூடாது. நேத்து இருந்த ருசி இன்னிக்கு இல்ல. புள்ளையை விட்டு நகராதீங்க."

"ஏண்டி, குடிக்கிறதையும் குடிச்சிட்டு குறை வேற சொல்றியா?" என்றாள் கொம்பாயி. ஆனாலும் நகரவில்லை.

அங்கேதான் சிக்கல். வார்டுக்குள் லத்தி, அதாவது யானைச் சாணம், போடக் கூடாது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் போக வேண்டும். குட்டியை விட்டுப் போக மனமில்லாமல் கொம்பாயி அடக்கிக்கொண்டாள். யானை அடக்குவதென்றால் லேசா? மலை தும்மலை அடக்குகிற மாதிரி. கடைசியில், சரியாகக் கொக்கு டாக்டர் வார்டைச் சுற்றி வருகிற நேரத்தில், முடியாமல் போனது.

வெள்ளைக் கோட்டு வெள்ளையாக இல்லை. தரையைப் பற்றிச் சொல்ல எனக்கே வாய் வரவில்லை.

அந்த வாசனைக்குப் பொம்மி கண்ணைத் திறந்தாள். தும்பிக்கையை நீட்டினாள். அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். முகம் சுளிக்காதீர்கள், தாயின் லத்தியைத் தின்றுதான் யானைக்குட்டிகள் வயிற்றுக்கு நல்ல கிருமி சேர்க்கும். அது அவர்கள் குடும்ப வழக்கம்.

"சுத்தமான வார்டில் என்ன இது? உடனே அள்ளுங்கள்," என்று கத்தினார் கொக்கு.

கொம்பாயி குட்டிக்குக் குறுக்கே நின்றாள். "எம்புள்ளை இப்பத்தான் வாயைத் திறந்து சாப்பிடுது. யாரு அள்ளுறீங்க, வாங்க பாக்கலாம்."

யாரும் போகவில்லை.

வயிறு அடங்கியது. கொசு குடித்துப் பார்த்தது. "எண் இறங்கிருச்சு டாக்டர். ருசியும் திரும்பிருச்சு." பொம்மி பிழைத்துவிட்டாள்.

கொக்கு ஒற்றைக் காலில் நின்று வெகுநேரம் யோசித்தார். பிறகு, தரையைக் கெடுத்த குற்றத்துக்காகக் கொம்பாயி இனி ஆஸ்பத்திரிக்குள் கால் வைக்கக் கூடாதென்று தடை போட்டார். கையோடு, வெள்ளித்தாளில் சுற்றிய புது மாத்திரை ஒன்றையும் வெளியிட்டார். பெயர் 'கஜசஞ்சீவி'. மருந்துக்கடை வாசலில் காடே வரிசை கட்டியது.

பிறகொரு நாள் கொம்பாயிக்கே வயிறு சரியில்லை. அவளும் வரிசையில் நின்று மாத்திரை வாங்கி முகர்ந்து பார்த்தாள்.

"இது என்னோடதுல்ல?"

"அதனாலதான் அக்கா, உங்களுக்கு நல்லா ஒத்துக்கும்," என்றது கடைக்காரக் குரங்கு. "அடுத்த ஆள் வாங்க."

நீதி: தரையில் போட்டால் அசுத்தம், வெள்ளித்தாளில் போட்டால் வைத்தியம். ஆகவே குழந்தைகளே, எதைப் போடுகிறோம் என்று கவலைப்படாதீர்கள். எதில் போடுகிறோம் என்பதில் மட்டும் கவனமாக இருங்கள்.