பதினோரு பேருக்கு ஒரு கூரை

கல்யாணமாகி முதல் ஆறு மாதத்துக்கு எந்த மருமகளும் "நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லக்கூடாது. வேலையைச் செய்துவிட்டுப் பேசாமல் இருக்கலாம். முன்கூட்டியே வாயைத் திறந்து பொறுப்பேற்கக்கூடாது. இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே, பூட்டிய ஒரு மண்டபத்தின் வாசலில், வேர்த்து விறுவிறுத்து நின்றபோது நானாகவே தெரிந்துகொண்டேன்.

என் புகுந்த வீடு மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், ஸ்கூடாயில். என் மாமியார் ஒவ்வொரு பங்குனி உத்திரத்துக்கும் தன் தோழிகளோடு பாதயாத்திரை போவார். பண்டார் தெங்காராவுக்கு அப்பால் ஒரு தோட்டத்து முருகன் கோயில். மூன்று நாள் நடை. முதல் நாள் கூலாயில் கோயில் மண்டபத்தில் தங்குவார்கள். இரண்டாம் நாள் வழியில் ஸ்ரீ பாயு என்ற கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில், ஓய்வு பெற்ற தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) ஒருவர் வீட்டில் தங்கல். அந்த வருடம் அவர் வீட்டைக் காலி செய்துவிட்டு மகளோடு கோலாலம்பூருக்குப் போய்விட்டார்.

"பதினோரு பொம்பளைங்க எங்க போய்ப் படுக்கிறது?" என்று அத்தை கவலையோடு கேட்டார்.

நான் சொன்னேன்: "நான் பாத்துக்கிறேன் அத்தை."

(யார் கேட்டார்கள் என்னை? யாருமே கேட்கவில்லை.)

கைபேசியில் தேடினேன். 'ஸ்ரீ பாயு பாலாய் ராயா' என்று போட்டதும் அந்த ஊர்ப் பொது மண்டபத்தின் படம் வந்தது. பளபளவென்று தரை, வரிசையாக மின்விசிறிகள். கீழே இருந்த எண்ணுக்கு மலாயில் செய்தி அனுப்பினேன். பாக் டெரிஸ் என்ற பெரியவர் அரை மணி நேரத்தில் பதில் போட்டார்: 'போலே. தியாடா மசாலா.' தாராளமாக வரலாம், ஒரு பிரச்சினையும் இல்லை என்று அர்த்தம். (மலாயில் மசாலா என்றால் பிரச்சினை. எங்கள் வீட்டு அடுப்படியைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான் என்று படும்.) இரண்டே நிமிடத்தில் வேலை முடிந்தது. அன்று இரவு சாப்பாட்டு மேசையில் நான் உட்கார்ந்த தோரணையைப் பார்த்திருக்க வேண்டும். மந்திரி தோற்றார்.

இரண்டாம் நாள் வெள்ளிக்கிழமை. அப்போது ஜொகூரில் வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை. ஆனால் என் கணவர் தினேஷுக்கு சிங்கப்பூரில் வேலை. அவருக்கு அன்று லீவு இல்லை. ஆகவே பாய்கள், புளிச்சோறு, தண்ணீர்ப் போத்தல்கள், தைலக் குப்பிகள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வேனை நான் ஓட்டினேன். விடிவதற்கு முன்பே கிளம்பிய பெண்கள், வெயில் ஏறியதும் வழியில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் முன்னால் போய் மண்டபத்தைத் திறந்து வைக்க வேண்டும். அதுதான் ஏற்பாடு.

ஸ்ரீ பாயுவுக்குப் போய்ச் சேர்ந்தபோது மதியம் ஒன்றரை. மண்டபம் பூட்டியிருந்தது. ஆண்கள் எல்லாம் வெள்ளித் தொழுகைக்குப் போயிருப்பார்கள். தெருவில் இரண்டு கோழிகள் மட்டும். படத்தில் பார்த்ததைவிட மண்டபம் கொஞ்சம் சின்னதாகத் தெரிந்தது. படம் எடுத்தவர் திறமைசாலி என்று நினைத்துக்கொண்டு காத்திருந்தேன். தொழுகை முடியும் நேரம் கணக்குப் பார்த்து பாக் டெரிஸை அழைத்தேன். நாங்கள் பேசியது மலாயில், தமிழில் சொல்கிறேன்.

"பாக், நான் மண்டபத்து வாசல்ல நிக்கிறேன்."

"நானும் வாசல்லதான் நிக்கிறேன் மகளே. உன்னைக் காணோமே!"

மண்டபத்தை ஒரு சுற்று சுற்றி வந்தேன். யாரும் இல்லை.

"பின்வாசலா பாக்?"

"பின்வாசலே கிடையாது. முன்னாடிதான். கடலைப் பாத்தாப்புல நிக்கிறேன்."

"எது?"

"கடல்."

திரும்பிப் பார்த்தேன். செம்பனை. இந்தப் பக்கம் பார்த்தேன். செம்பனை. எட்டிப் பார்த்தேன். (எதற்கு எட்டிப் பார்த்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. மரத்துக்குப் பின்னால் கடல் ஒளிந்துகொண்டிருக்குமா?)

"பாக்... நீங்க எந்த ஸ்ரீ பாயு?"

"மெர்சிங் ஸ்ரீ பாயு. நீ எந்த ஸ்ரீ பாயு?"

மெர்சிங் கிழக்குக் கரையில் இருக்கிறது. வேனிலேயே போனாலும் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. நடந்து வரும் பதினோரு பேரிடம் "இன்னும் கொஞ்சம் தூரம்தான்" என்று சொல்லிச் சமாளிக்கக்கூடிய தொலைவு இல்லை அது. பாக் டெரிஸ் வேறு பாவம், "பாய் விரிச்சிட்டேன், வெந்நீர் வெச்சிட்டேன், கால் வலியோட வருவாங்கன்னு என் வீட்டுக்காரி மரவள்ளிக் கிழங்கு அவிக்கிறா" என்று அடுக்கிக்கொண்டே போனார். நான் மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. அழைப்பு தானாகத் துண்டிக்கப்பட்டதுபோல் துண்டித்தேன். இன்றைக்கும் நினைத்தால் கூசுகிறது.

வைத்த அடுத்த நொடியே அத்தை அழைத்தார்.

"போய்ச் சேந்துட்டியாம்மா? மண்டபம் எப்படி இருக்கு?"

இந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நல்ல பெண்ணாக இருந்தால் சொல்லியிருப்பாள்.

"சூப்பரா இருக்கு அத்தை."

"காத்து வருமா? மோகனாவுக்குக் காத்து இல்லாட்டி தூக்கம் வராது."

"எட்டு ஃபேன் இருக்கு அத்தை."

"எட்டா! கக்கூஸு?"

"நாலு. டைல்ஸ் போட்டது."

பின்னால் அத்தை மற்றவர்களிடம் சொல்வது கேட்டது: "எட்டு ஃபேனாம், நாலு கக்கூஸாம்! என் மருமக கெட்டிக்காரி லா!" யாரோ முருகனுக்கு அரோகரா சொன்னார்கள்.

இனி ஒரே வழி. அவர்கள் வருவதற்குள் இந்த ஸ்ரீ பாயுவில் ஏதாவது ஒரு கூரையைப் பிடிக்க வேண்டும்.

முதலில் கம்பத்துத் தலைவர் வீடு. அவர் கோத்தா திங்கிக்குப் போயிருப்பதாகப் பக்கத்து வீட்டம்மா சொன்னார். அடுத்து பள்ளிக்கூடம். காவலாளி நல்ல மனிதர். ஆனால் மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து கடிதம் வேண்டும் என்றார். எப்போது கிடைக்கும் என்றேன். ஞாயிற்றுக்கிழமை அலுவலகம் திறந்ததும் விண்ணப்பிக்கலாம் என்றார். அதற்கடுத்து, 'ஹோம்ஸ்டே' என்று பலகை தொங்கிய ஒரு நீல வீடு. எனக்கு உயிர் வந்தது. கதவைத் திறந்தால் உள்ளே காலை நீட்டக்கூட இடமில்லாமல் ஆட்கள். "நாளைக்கு ஊர்ல கல்யாணம். எல்லா வீட்டுலயும் விருந்தாளிங்க" என்றார் வீட்டுக்காரர். வேனிலேயே படுக்க வைத்துவிடலாமா என்று யோசித்து, இருக்கைகளை எண்ணினேன். பதினோரு பேரையும் பைல் அடுக்குவதுபோல் நிற்கவைத்து அடுக்கினால் முடியும்.

அதற்குள் மேகம் கறுத்து இடி இடிக்கத் தொடங்கியது. தினேஷை அழைத்தேன்.

"அலமாக்! மெர்சிங்கா?" என்றார். அப்புறம் ஒரு சத்தம் வந்தது. இருமுகிறாரா என்று கேட்டேன். இல்லை, சிரித்துக்கொண்டிருந்தார்.

"சிரிக்காதீங்க! உங்கம்மா காலு கொப்பளிச்சு நடந்து வராங்க!"

"சரி சரி. அம்மாகிட்ட உண்மையைச் சொல்லிடு."

"நீங்க சொல்லுங்களேன்."

"எனக்கு மீட்டிங் இருக்கு" என்று வைத்துவிட்டார். (இருபத்தெட்டு வருடம் அம்மாவோடு வாழ்ந்த அனுபவம்.)

நாலரை மணிக்கு மீண்டும் மண்டபத்துக்கு ஓடினேன். இப்போது கதவு திறந்திருந்தது! உள்ளே ஒரு கூட்டம். மேடையில் பூ அலங்காரம், நடுவில் மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் இரண்டு சிம்மாசனம். ஒரு மூலையில் நாளைய ஊர்வலத்துக்காகச் சிலர் கொம்பாங் மேளம் தட்டிப் பழகிக்கொண்டிருந்தார்கள். நடுவே இடுப்பில் துண்டைச் செருகிக்கொண்டு எல்லாருக்கும் உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார் ஒரு மலாய்க்கார அம்மாள். ரொக்கியா மக்சிக் (மக்சிக் என்றால் பெரியம்மா மாதிரி). மணப்பெண்ணின் தாய்.

என்ன வேண்டும் என்று கேட்டார். அவ்வளவுதான், எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. பதினோரு பக்தர்கள் இங்கே நடந்து வந்துகொண்டிருக்கிறார்கள், தங்க இடமில்லை என்று சொல்ல நினைத்தேன். பக்தருக்கு மலாயில் 'பெங்ஙானுட்' என்று ஒரு வார்த்தை உண்டு. பள்ளிக்கூடத்தில் படித்தது. பதற்றத்திலும் அழுகையிலும், சுற்றிலும் இருந்த கல்யாணக் கோலத்திலும் என் வாயிலிருந்து வந்தது 'பெங்ஙாந்தின்.'

பெங்ஙாந்தின் என்றால் மணப்பெண்.

"மக்சிக், பதினோரு மணப்பெண்கள் நடந்து வந்துட்டிருக்காங்க. இன்னும் ஒரு மணி நேரத்துல இங்க வந்துடுவாங்க. அவங்களுக்கு வேற போக்கிடம் இல்ல."

கொம்பாங் நின்றது. நாற்காலிக்கு ரிப்பன் கட்டிக்கொண்டிருந்த பெண்கள் அப்படியே உறைந்தார்கள். ரொக்கியா மக்சிக் நெஞ்சில் கை வைத்தார்.

"பதினொண்ணா?" என்றார் மெல்ல. "என் மருமகன் அப்படிப்பட்ட பையன் இல்லையே!"

எனக்கு எதுவும் புரியவில்லை. "எல்லாருக்கும் அம்பது வயசுக்கு மேலே" என்று இன்னும் அழுதேன்.

பக்கத்தில் இருந்த ஓர் இளம்பெண்ணுக்குத்தான் முதலில் பொறி தட்டியது. "அக்கா, பெங்ஙானுட்டா? கோயிலுக்கு நடந்து போறவங்களா?" என்று கேட்டாள். நான் தலையாட்டினேன். மண்டபமே வெடித்துச் சிரித்தது. மக்சிக் சிரித்துச் சிரித்து, மணமகனின் சிம்மாசனத்திலேயே உட்கார்ந்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தார்.

"கிராணி வீட்டுக்கு வருசா வருசம் வருவாங்களே, மஞ்சள் புடவை கட்டிக்கிட்டு? அவங்கதானா? அட, இதுக்கா அழுற? மேடைக்கு முன்னாடி இடம் காலியா இருக்கு. பாய் விரிச்சுப் படுக்கட்டும். காலையில கொஞ்சம் வெள்ளன எழுந்துட்டாப் போதும்."

நான் அந்த அம்மாள் தோளில் சாய்ந்து அழுதேன். இந்தமுறை மொழி தேவைப்படவில்லை.

ஐந்தரைக்கு மழையோடு அவர்கள் வந்தார்கள். மஞ்சள் புடவைகள் நனைந்து ஒட்டி, கால்களை இழுத்து இழுத்து, பதினோரு பேர். அவர்கள் வாசலை மிதித்ததும் மூலையில் இருந்த கொம்பாங் குழுவில் எவனோ ஒரு குறும்பன் கண் ஜாடை காட்ட, மணமக்களை வரவேற்கும் மேளம் முழங்கத் தொடங்கியது. மோகனா அக்கா அதை முருகனுக்கு என்று நினைத்து, கண்ணை மூடிக் கைகூப்பி நின்றார். அத்தை நனைந்த தலையோடு அலங்காரத்தைப் பார்த்தார், சிம்மாசனத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எங்களுக்காகவா இவ்வளவும் பண்ணே?"

தலையாட்டிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது உண்மை. அதற்குள் அத்தை மேலே அண்ணாந்து பார்த்தார்.

"எட்டு ஃபேன்னு சொன்னே. நாலுதானே சுத்துது?"

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மெர்சிங், கடல், பொய், மணப்பெண்கள், எல்லாம். அத்தை நனைந்த முந்தானையைப் பிழிந்துகொண்டே கேட்டார். கடைசியில், "அந்தப் பெரியவர்கிட்ட மன்னிப்புக் கேட்டியா?" என்றார். இல்லை என்றேன். "மொதல்ல போன் போடு. எங்களுக்குப் பொய் சொன்னது வீட்டு விசயம். அவரைக் காக்க வெச்சதுதான் தப்பு."

அழைத்தேன். பாக் டெரிஸ் கோபப்படவே இல்லை. "இடம் கிடைச்சிடுச்சா? அதுதான் முக்கியம். கிழங்கை நாங்க சாப்பிட்டுக்கிறோம்" என்றார். அது இன்னும் வலித்தது.

புளிச்சோறு சாப்பிட்டபின் எங்கள் பெண்களுக்குச் சும்மா உட்காரத் தெரியவில்லை. மறுநாள் விருந்தாளிகளுக்குக் கொடுக்க, அவித்த முட்டைகளைப் பூவோடு சேர்த்துச் சின்னப் பைகளில் கட்ட வேண்டியிருந்தது. கூடை கூடையாக முட்டைகள்.

"வெரதத்துல முட்டையைத் தொடலாமா?" என்று மோகனா அக்கா இழுத்தார்.

"திங்கத்தான் கூடாது. முடிச்சுப் போடறதுக்கு முருகன் ஒண்ணும் சொல்ல மாட்டாரு" என்று அத்தை முதல் கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து கட்டி முடித்தார்கள். நான் கட்டியதில் மூன்று முட்டைகள் உடைந்தன. அதன்பின் என்னை ரிப்பன் வெட்டும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள்.

கோயிலுக்குப் போய்த் திரும்பிய மறுவாரம், அத்தை என்னை மெர்சிங்குக்கு ஓட்டச் சொன்னார். பாக் டெரிஸ் வீட்டு வாசலில் நான் நேரில் மன்னிப்புக் கேட்டேன். அவர் மனைவி மறுபடியும் கிழங்கு அவித்தார். படத்தில் இருந்த மண்டபத்தையும் பார்த்தோம். உண்மையாகவே எட்டு மின்விசிறிகள்.

இது நடந்து ஆறு வருடமாகிறது. கோஷ்டி இப்போது செம்பனைக்கு நடுவே இருக்கும் அந்த ஸ்ரீ பாயு மண்டபத்தில்தான் தங்குகிறது. ரொக்கியா மக்சிக் பங்குனி பிறப்பதற்கு முன்பே 'என் மணப்பெண்கள் எப்போது வருகிறார்கள்?' என்று எனக்குச் செய்தி அனுப்பிவிடுவார். வீட்டிலும் யாத்திரை என்று யாரும் சொல்வதில்லை, கல்யாண ஊர்வலம்தான். போன வாரம் அத்தை மஞ்சள் புடவை கட்டிக் கிளம்பியபோது, மாமா வாசலில் செய்தித்தாளைத் தாழ்த்திக் கேட்டார்:

"இந்த வருசமாச்சும் மாப்பிள்ளை கெடைப்பாரா?"

அத்தை கையில் தடியை எடுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

"கெடைச்சா ஒங்களுக்கும் சாப்பாட்டுக்குச் சொல்லி அனுப்புறேன்."