தலையசைத்தால் போதும்

பத்ரிநாராயணன் அன்று காலை ஒரு வரலாற்று முடிவை எடுத்தார். உயிரே போனாலும் காதில் மெஷின் மாட்டிக்கொள்வதில்லை.

முடிவை எடுக்கவைத்தது குக்கர். அது ஏழு விசில் அடித்தது. பக்கத்து அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் அசையவில்லை. பாதிக் குளியலில் ஓடி வந்து அடுப்பை அணைத்த மனைவி அபிதகுஜாம்பாள், தலையில் துண்டோடு அவர் முன்னால் வந்து நின்றாள்.

"மூணு விசில்ல அணைக்கச் சொன்னேனே?"

"விசில் வந்தாத்தானே அணைக்கணும்?"

"ஏழு வந்தாச்சு. பருப்பு இப்போ கஞ்சி."

"ஏரோப்ளேன் போயிண்டிருந்தது, அபிதா. மீனம்பாக்கத்துக்கு இவ்வளவு கிட்டத்துல வீடு கட்டினா யாருக்குத்தான் காது கேக்கும்?"

"எனக்குக் கேக்கறதே. ரெண்டு வருஷமா சொல்றேன், டாக்டர்கிட்ட காட்டிண்டு ஒரு மெஷின் போட்டுக்கோங்கோன்னு."

"மெஷின் கிழவாளுக்கு. எனக்கு அம்பத்தேழுதான்."

இப்படிச் சொல்கிற உரிமை அஸ்தினாபுரத்திலேயே அவர் ஒருவருக்குத்தான் உண்டு. யார் முதியவர், யார் இல்லை என்று தீர்மானிப்பதே அவர் உத்தியோகம். தாம்பரத்தில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் முதியோர் நலக் கொள்கை பற்றி ஆராய்பவர். விளையாட்டான வேலை இல்லை. பஸ் ஸ்டாண்டில் பஸ் படியின் உயரத்தை டேப் வைத்து அளந்து, எழுபது வயது முழங்கால் இதில் ஏறாது என்று நாற்பது பக்கம் எழுதி, இரண்டு ரூட்டில் படியைத் தாழ்த்தவும் வைத்தவர். மனுஷர் தங்கம். டி.வி.யை மட்டும் கொஞ்சம் சத்தமாக வைப்பார். எதிர்வீட்டு சுப்பராயலுவின் டி.வி. ரிப்பேராகி மூன்று மாதம் ஆகிறது. அவர் அதைச் சரி செய்யவே இல்லை. செய்தி கேட்க இவர் வீட்டு டி.வி.யே போதுமாக இருந்தது.

அந்த வருஷம், தொண்ணூற்று மூன்றில், பத்ரியின் கையில் பெரிய காரியம் ஒன்று இருந்தது. அஸ்தினாபுரத்து முதியோருக்கு வாரம் ஒரு நாள் இலவசக் கண், காது கிளினிக். வந்து பார்க்க டாக்டர் தபீதாள் தயார். பள்ளிக்கூட ஹால் தயார். பணம் ஒதுக்கவேண்டிய அரசாங்கக் கமிட்டி ஒன்றே ஒன்றைத்தான் கேட்டது. நாற்பது முதியவர்களை விசாரித்து, தேவை இருக்கிறது என்று காட்டுங்கள்.

படிவத்தை அவரே தயாரித்தார். பெரியவர்களின் கௌரவம் குறையக் கூடாது என்று இரண்டு விதியும் வைத்தார். பெயர் எழுதக் கூடாது, எண் மட்டும். சம்மதத்துக்குக் கையெழுத்துக் கேட்டு நடுங்கும் கையைச் சங்கடப்படுத்தக் கூடாது, தலையசைத்தால் போதும். கமிட்டியே பாராட்டிய விதிகள் அவை.

நாற்பது வீடு ஏறி இறங்கினார். நாற்பதிலும் காபி கொடுத்தார்கள். மகன், மருமகள், பேரன், பேத்தி எல்லோரும் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். நடுவில் பெரியவர். பார்வை எப்படி? "ஒரு குறையும் இல்லை." காது? "பேஷா கேக்கறது." அதற்கப்புறம் உதடு அசையும், ஏதோ முனகுவார்கள். பத்ரி மரியாதையாகத் தலையாட்டிவிட்டு 'குறை இல்லை' என்று எழுதிக்கொள்வார்.

கமிட்டியிலிருந்து கடிதம் வந்தது. தங்கள் பகுதி முதியோரின் அபார ஆரோக்கியத்துக்கு வாழ்த்துகள். கிளினிக்கை வேறு ஊருக்கு மாற்ற உத்தேசம்.

பத்ரிக்குச் சோறு இறங்கவில்லை.

"சுவரைப் பிடிச்சுண்டு வாசலுக்கு வர்றா, அபிதா. ஃபார்ம்ல பார்த்தா எல்லாரும் ஒலிம்பிக்ஸுக்குப் போறவா மாதிரி இருக்கா. பதினைஞ்சு நாள் டயம் கேட்டிருக்கேன். அதுக்குள்ள என்ன பண்ணப்போறேன்னு தெரியலை."

"யார்கிட்ட கேட்டேள்?"

"அவாகிட்டயேதான்."

"அதான் தப்பு. தன் காது கேக்கலைன்னு யாராவது ஒத்துப்பாளா?" என்றவள், அவரை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். அந்தப் பார்வையை அவர் கவனிக்கவில்லை. "மாமாவைப் பத்தி மாமிகிட்ட கேக்கணும். மாமியைப் பத்தி மாமாகிட்ட கேக்கணும். அதுவும் வீட்டுக்குள்ள கூடாது. தண்ணி லாரி க்யூவில கேக்கணும். குடத்தை வெச்சுண்டு நிக்கறப்போ உண்மை தானா வரும்."

பத்ரி சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தார். முப்பது வருஷ ஆராய்ச்சியில் அவருக்குத் தோன்றாத ஒன்று. தன் வீட்டிலேயே, தயிர் பரிமாறுகிற கையோடு, இப்படி ஒரு மூளை நிற்கிறதே என்று அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

"இது மெதடாலஜி, அபிதா. நீ யூனிவர்சிட்டிக்கே பாடம் எடுக்கலாம்."

"முதல்ல ஃபார்மைக் கொடுங்கோ. நான் கேட்டுண்டு வரேன்."

"விதி ஞாபகம் இருக்கா?"

"பேர் கூடாது. தலையசைச்சா போதும். நன்னா ஞாபகம் இருக்கு."

பத்தே நாளில் கட்டு வந்து மேஜைமேல் விழுந்தது. ஒவ்வொன்றும் ரத்தினம். எண் ஏழு, உப்பு எது சர்க்கரை எது என்று நக்கிப் பார்த்துத்தான் காபி போடுகிறாள். எண் இருபத்திரண்டு, குன்றத்தூர் முருகனைப் பார்க்கக் கிளம்பி, பஸ் நம்பர் கண்ணுக்குத் தெரியாமல் ஏறி, கோவளத்தில் மீன் விற்கிற இடத்தில் இறங்கியவர். பத்ரி எண்ணிப் பார்த்தார். நாற்பத்தொன்று இருந்தது.

"ஒண்ணு கூட இருக்கே?"

"ஒருத்தர் விட்டுப்போயிருந்தார். சேர்த்துண்டேன்."

நாற்பத்தொன்றாம் படிவத்தைப் படித்தார். பதில் சொன்னவர், மனைவி. காது, மந்தம். ஒப்புக்கொள்ளமாட்டார். பழியை வேறு எதன் மேலாவது போடுவார். காதில் விழாததற்கும் தலையாட்டுவார். பேரன் டெலிபோனில் பேசினால், வேலை இருக்கிறது என்று ரிசீவரை என்னிடம் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொள்வார். அப்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

பத்ரி அதை இன்னொரு முறை படித்தார். அவருக்கும் பம்பாயில் ஒரு பேரன் உண்டு. லைன் சரியில்லாததால் அவனோடு பேச முடிவதில்லை. அது வேறு விஷயம்.

"யார் இந்தப் பிடிவாதக்கார மனுஷன்? பாவம், பெண்டாட்டி எவ்வளவு கஷ்டப்படறா பாரு."

"பேர் சொல்லக் கூடாது. விதி."

அறிக்கையின் முதல் பக்கத்திலேயே நாற்பத்தொன்றை வைத்தார். எழுத எழுதக் கண் கலங்கியது. 'முதுமையைப் பிறந்த தேதி தீர்மானிப்பதில்லை, புலன்களே தீர்மானிக்கின்றன. இம்மனிதரை முதல் நாளே, முதல் ஆளாகப் பரிசோதிக்க வேண்டும்.' கமிட்டியும் கலங்கியிருக்க வேண்டும். கிளினிக்குக்கு மறு வாரமே உத்தரவு வந்துவிட்டது.

திறப்பு நாளில் ஹாலில் நிற்க இடம் இல்லை. சந்தனம் பூசிய நெற்றியோடு பத்ரி வாசலில் நின்று எல்லோரையும் வரவேற்றார். டாக்டர் தபீதாள் மேஜைக்கு வந்து சீட்டைப் பார்த்து எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டார். யாரும் எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ஹால் முழுக்கத் தன்னையே பார்ப்பதை பத்ரி உணர்ந்தார்.

"அந்த நாப்பத்தொண்ணு வரலை போலிருக்கு, அபிதா. நேர்ல பார்க்கணும்னு எவ்வளவு ஆசையா இருந்தேன்."

"வந்தாச்சு. நாலு தரம் கூப்பிட்டாச்சு" என்று அபிதா அவர் கையில் சீட்டை வைத்தாள். 41 என்று எழுதியிருந்தது.

"என்ன இது? எனக்கு அம்பத்தேழுதான்."

"பிறந்த தேதி தீர்மானிக்காதுன்னு முதல் பக்கத்துல எழுதினது நீங்கதானே?"

முன்வரிசையில் இருந்த கங்கையம்மாள் நகர்ந்து இடம் விட்டாள். மூன்றாவது தெருக்காரி, பத்ரி முதலில் விசாரித்த வீடு அவளுடையதுதான்.

"உக்காரு சார். அன்னிக்கு மருமவ காதுல வுழாம மெதுவா சொன்னேனே, கண்ணு சுத்தமா தெரியலன்னு. நீ தலைய ஆட்டிக்கினு, குறை இல்லன்னு எழுதிக்கினு பூட்ட. நான் மட்டும் இல்ல, அல்லாரும் அப்பிடித்தான் சொல்லிகிறாங்க. வூட்டுல ஆளுங்க இருக்கசொல்ல எப்பிடி சார் கத்தி சொல்றது?"

பத்ரிக்கு வெயிலில் நின்றதுபோல் வியர்த்தது. நாற்பது பேரும் உண்மையைச் சொல்லியிருக்கிறார்கள். கிளினிக் கைநழுவப் பார்த்தது இந்த இரண்டு காதாலே. அபிதாவுக்கு இது தண்ணீர் லாரி க்யூவிலேயே தெரிந்திருக்கிறது. வாயைத் திறக்கவில்லை. வெயிலில் குடத்தோடு நின்று, அவர் வேலையையும் காப்பாற்றி, மானத்தையும் காப்பாற்றியிருக்கிறாள். அவளை அவர் பார்த்த பார்வையில் கல்யாணமான புதிதில்கூட இவ்வளவு மரியாதை இருந்ததில்லை.

போய் நாற்காலியில் உட்கார்ந்தார். ஆனாலும் ஆண்பிள்ளை இல்லையா, மிச்சம் இருந்த வீறாப்பைக் கூட்டிக்கொண்டார்.

"பரிசோதனை பண்ணிக்கோங்கோ டாக்டர். மெஷின் மட்டும் கிடையாது."

டாக்டர் அபிதாவைப் பார்த்தார். அபிதா டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் இரண்டு காதிலும் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்று மெதுவாக ஏதோ கேட்டார். பத்ரி வழக்கம்போல, பெரிய மனுஷத் தோரணையில் தலையாட்டினார்.

"எழுதிக்கோங்கோ டாக்டர், ரெண்டு காதுக்கும் மெஷின் போட்டுக்கச் சம்மதம்" என்று அபிதா சொன்னது ஹால் முழுக்கக் கேட்டது. அவருக்கும் கேட்டது.

"நான் எங்கே சம்மதிச்சேன்? கையெழுத்துக்கூடப் போடலையே?"

டாக்டர் முன்னால் வந்து, அவர் முகத்துக்கு நேரே, நிதானமாக, நல்ல உரத்த குரலில் சொன்னார். "தேவையில்லை சார். உங்க விதிப்படி தலையசைச்சா போதும்."