ரேகைக் கச்சேரியில் முன்வரிசை

கச்சேரிக்குப் போனவர், போகாதவர் என்று மனிதரில் இரண்டு வகைதான் உண்டு என்று நீங்கள் எண்ணியிருந்தால், மூன்றாவது வகையை இன்று தெரிந்துகொள்ளுங்கள். அதற்கு 'நேரில் நின்றவர்' என்று பெயர். இவர் போனாரா இல்லையா என்று கடவுளாலும் சொல்ல முடியாது. ஆனால் நின்றார். உலகத்தில் எந்தக் கச்சேரி நடந்தாலும், மேடையிலிருந்து இரண்டு முழம் தள்ளி, முன்வரிசையில், நடுவில் நின்றார்.

இத்தாலியில், எங்கள் பலேர்மோ நகரில், இந்த வகைக்குத் தலைவர் தில்லையம்பலம். வயது நாற்பத்திரண்டு. ஒரு சிஞ்ஞோரா, அதாவது இத்தாலிய எசமானியம்மா, வீட்டில் சமைப்பது, நிலம் துடைப்பது, நாயை நடத்திக் கூட்டிப்போவது எல்லாம் அவர்தான். அவர் நின்றது ஜமேக்கா நாட்டு ரெகேப் பாட்டுக் கச்சேரிகளில். ஏன் ரெகே? கர்நாடக சங்கீதத்தில் புளுகினால் பிடித்துக்கொடுக்க இங்கே ஒரேத்தோத் தெருவில் மட்டும் நாலு சங்கீத வாத்திமார் மாடிப்படி கழுவிக்கொண்டிருக்கிறார்கள். ஜமேக்காவை அறிந்தவர் ஒருவரும் இல்லை.

யார் வீட்டிலாவது ஒரு ரெகேப் பாட்டு ஒலித்துவிடட்டும். மனிதர் எழும்பிப் போய், கசெற்றை நிற்பாட்டி, கண்ணை மூடி, நாம் எல்லோரும் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைக்கும்வரை பொறுத்திருந்து, பெருமூச்சு விட்டுத் தொடங்குவார்.

"உது கசெற். நேரிலை நிண்டு கேக்கவேணும். எண்பதாம் ஆண்டு, மிலான் மைதானம், எண்பதினாயிரம் சனம். அண்டைக்கு மழை. பாடினவரும் நனையிறார், நானும் நனையிறன். கழுத்திலை கிடந்த துவாயைக் கழட்டி என்னட்டை எறிஞ்சவர்."

கதையில் சனம் ஆண்டுக்குப் பத்தாயிரம் கூடும். மழை மட்டும் குறையாது. இத்தாலிக்கு அவர் வந்ததோ எண்பத்தேழில். எண்பதாம் ஆண்டில் அவர் போய்வந்த ஒரே கச்சேரி, யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊருக்குப் பக்கத்துச் சாவகச்சேரி. அந்தத் துவாயும் இருக்கிறது, பொலித்தீன் பையில். அதன் மூலையில், பலேர்மோ ஓரத்து ஸ்ஃபெர்ராகவால்லோவின் மீன்கடை ஒன்றின் பெயர் தைத்திருந்ததை நான் வாசித்தேன். கேட்கவில்லை. ஒரு மனிதன் சந்தோஷமாக இருந்தால் நமக்கென்ன நட்டம்?

கேட்டவர் ஒருவர்தான், சிவராமென். மொரீஷியஸ்காரர், பெயரும் திருநீறும் தமிழ், வாய்ப்பேச்சு கிரெயோல், கைத்தொழில் மேளம். ஒருநாள் இத்தாலியனில் விசாரித்தார்: அன்றைக்கு முதற்பாட்டு எது?

"மழைச் சத்தத்திலை ஆருக்குக் கேட்டது?" என்றார் தில்லையம்பலம்.

தொண்ணூற்றைந்து ஆடி மாதம், வினை சுவரொட்டியாக வந்து ஒட்டியது. பிரதர் ஒபதையா என்னும் ஜமேக்காப் பாடகர், கால்சாக் கடற்கரைப் புல்வெளியில், வியாழன் மாலை ஐந்து மணிக்கு, இலவசமாகப் பாடுகிறார். வீட்டுவேலை செய்யும் எங்களுக்கெல்லாம் வியாழன் பின்னேரம் லீவு. நாய் ஒரு கம்பத்தை முகர்ந்துகொண்டிருந்த நேரம் பார்த்துத் தில்லையம்பலம் என்னிடம் குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, உண்மையைச் சொல்லுறன். நான் ஒரு கச்சேரியும் நேரிலை பாக்கேல்லை. சாகமுன்னம் இதொண்டையாவது முழுசாப் பாத்திடவேணும். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை."

சொல்லவில்லை. இப்போது எழுதத்தான் செய்கிறேன். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, அந்த மனிதன் ஒரு பாட்டாவது கேட்டுவிட வேண்டும் என்று ஆசையாகவும் இருந்தது.

ஆனால் பழகின வாய் சும்மா கிடக்குமா? அன்றைக்கே, எங்களைப்போல் வீட்டுவேலை செய்யும் சந்திரமதியக்காவுக்கு ரெலிபோன் எடுத்தார். "தங்கச்சி, வியாழன் பின்னேரம் கால்சாவிலை ரெகே கச்சேரி. ஆளை எனக்குத் தெரியும், நான் கதைச்சு விடுறன். முன்னுக்கு நிக்கவேணுமெண்டால் ரெண்டு மணிக்கே வந்திடுங்கோ. படம் கொண்டுவாங்கோ, கையெழுத்து வாங்கித் தாறன்."

இந்த வசனங்களில் எதில் ஐயா பாட்டு இருக்கிறது? யாழ்ப்பாணத்தாருக்குக் கச்சேரி என்றால் பாட்டுக்கு முன் நினைவுக்கு வருவது அரசாங்கக் கந்தோர், அதாவது அலுவலகம். அக்காவின் பக்கத்தில் தூசி உறிஞ்சும் மெஷின் இரைந்துகொண்டிருந்ததால், ரெகே அவர் காதில் ரேகையாக விழுந்தது. அதுவோ, பெர்மெசோ என்னும் வதிவிட அனுமதி இல்லாதவர்களுக்கெல்லாம் அரசாங்கம் மொத்தமாக விசாக் கொடுக்கப் போகிறதாம், கைரேகை எடுக்கப் போகிறதாம் என்று நாங்கள் காதோடு காது கதைத்துக்கொண்டிருந்த காலம். ரேகைக் கச்சேரி! ஆளைத் தெரிந்தவர், கதைத்து விடுபவர், படம், கையெழுத்து, மத்தியானமே வரிசை. இதைவிடத் தெளிவாக விசாக் கொடுக்கும் எந்த கெஸ்தூராவில் எந்தப் பொலிஸ்காரன் சொல்லியிருக்கிறான்? அக்கா தெரிந்தவர்களுக்கெல்லாம் ரெலிபோன் எடுத்தார்.

வியாழன் இரண்டு மணிக்குத் தில்லையம்பலம் கழுத்தில் துவாயோடு கால்சாவுக்கு வந்தார். வெறும் மேடைக்கு முன்னால், கொளுத்தும் வெயிலில், அறுபத்துமூன்று பேர் ஒற்றை வரிசையில் நின்றார்கள். கையில் பைல், பாஸ்போட், இரண்டு காதும் தெரியும்படி எடுத்த படம், மூன்று வீட்டுப் புட்டுப் பார்சல். யாரோ இலக்கத் துண்டுகூடக் கொடுத்திருந்தார்கள்.

"தில்லையண்ணை வந்திட்டார்!" என்றார் சந்திரமதியக்கா. "அண்ணை, பத்து விரலுமோ, பெருவிரல் மட்டுமோ?"

"என்ன விரல்?"

"ரேகைக்கு."

அவருக்கு விஷயம் விளங்க ஒரு நிமிடமும், வியர்க்க அரை நிமிடமும் எடுத்தது. "ஐயோ தங்கச்சி, இது பாட்டு!"

"பாட்டோ?" வரிசையின் தலையில் நின்ற விக்னராஜா பைலை விசிறினார். "எனக்குச் சுகமில்லையெண்டு சிஞ்ஞோராவிட்டைப் பொய் சொல்லி விடியவே வேலையை விட்டு வந்தனான். ஆளைத் தெரியுமெண்டனீரல்லோ? கூப்பிடும் ஆளை!"

ஐந்து மணிக்கு, பாடகருக்குப் பக்கவாத்தியமாகப் பிடித்திருந்த சிவராமெனின் மேளம் முழங்கியது. பிரதர் ஒபதையா மேடையேறினார். தில்லையம்பலம் மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மூன்று மணி நேரமாக எல்லோரும் ஒன்றாகக் கத்தியதில், இன்னும் முதலாம் இலக்கக்காரருக்கே விளக்கிக்கொண்டிருந்தார். முதற்பாட்டு முடிந்தபோது மூன்றாம் இலக்கம். அவர் திரும்பப் பார்ப்பார். யாராவது சட்டையைப் பிடித்து இழுப்பார்கள். இழுத்தவருக்குச் சமாதானம் சொல்லி முடிய அடுத்தவர் நிற்பார். இதற்குள் விளக்கம் கேட்டு முடித்தவர்கள் என்ன செய்தார்கள் என்கிறீர்கள்? வந்ததுதான் வந்தோம் என்று முதலில் புட்டுப் பார்சலைப் பிரித்தார்கள், பிறகு காலால் தாளம் போட்டார்கள், பிறகு பைலைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு ஆடத் தொடங்கினார்கள்.

முன்வரிசை முழுவதும் கடதாசியைத் தூக்கிப் பிடித்ததைக் கண்ட பிரதர் ஒபதையா, கையெழுத்துக் கேட்கிறார்கள் என்று நினைத்துக் கீழே இறங்கிவந்தார். சந்திரமதியக்காவின் பாஸ்போட் போட்டோக்கொப்பியில் பெரிதாக ஒன்று போட்டார். அக்கா எதற்கும் இருக்கட்டும் என்று பெருவிரலையும் நீட்டினார். அவர் தன் பெருவிரலை அதில் வைத்து அழுத்தி, "வன் லவ்" என்றார்.

"லவ்வோ?" என்று அக்கா விரலை இழுத்துக்கொண்டார். "எனக்குக் கலியாணம் முடிஞ்சுது!"

அடுத்து நடந்ததைச் சத்தியமாகச் சொல்கிறேன். பாடகர், நாற்பத்தெட்டாம் இலக்கத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த தில்லையம்பலத்தின் பின்னால் வந்தார், அவர் கழுத்திலிருந்த துவாயை உருவினார், தன் முகத்தை ஆற அமரத் துடைத்தார், திரும்பப் போட்டுவிட்டுப் போனார். தில்லையம்பலம் திரும்பவேயில்லை. "பொறுங்கோ, உங்களிட்டையும் வாறன்," என்றார்.

அறுபத்துமூன்றும் முடிந்து அவர் திரும்பியபோது, மேடையில் வயர் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

"முடிஞ்சுதோ, தம்பி?"

"ஓம், அண்ணை."

நான் துவாய் விஷயத்தைச் சொன்னேன். அவர் அதைத் தொட்டுப் பார்த்தார். நனைந்திருந்தது. எனக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது.

இப்போது எந்தப் பூப்புனித நீராட்டு விழாவுக்குப் போனாலும் சந்திரமதியக்கா கசெற்றை நிற்பாட்டுகிறார். "உது கசெற். நேரிலை நிண்டு கேக்கவேணும். அண்டைக்கு மழை." ஆடி மாதப் பலேர்மோவில் மழை! விக்னராஜா குடை கொண்டுபோனதாகவே சொல்கிறார். தில்லையம்பலம் மூலையில் இருந்து, "ஒபதையா என்ரை துவாயிலை முகம் துடைச்சவர்," என்று மெல்லச் சொல்லிப்பார்ப்பார். வாழ்க்கையில் முதல் தடவையாக உண்மை. ஒருவரும் நம்புவதில்லை. "சும்மா இருங்கோ அண்ணை, உது நீங்கள் மிலானிலை விட்ட கதையல்லோ."

சிரிக்கிறீர்களா? கவனம். இந்த நோய்க்கு அறிகுறி மெத்தச் சின்னது. 'பலேர்மோவில் ஒரு கச்சேரி நடந்ததாம்' என்று நாளைக்கு யாருக்காவது சொல்வீர்கள். நல்லது. மறுநாள் அந்த 'ஆம்' தானாக உதிர்ந்துவிடும், 'நடந்தது' என்பீர்கள். அதற்கு மறுநாள், யாரும் கேட்காமலே, 'மழை வேறு' என்று வாயில் வந்தால், உடனே ஒரு துவாய் வாங்கிக்கொள்ளுங்கள். என்னுடையது இன்னும் காயவில்லை.